பச்சைக் குழம்பில் பழகிய வாசனை

சனிக்கிழமை இரவு. பெங்களூர் இந்திராநகரில் தாய்லாந்து உணவு கிடைக்கும் சாதாரண ரெஸ்டாரன்ட் ஒன்று. மேஜையில் பச்சை நிறக் குழம்பும் வெறும் சோறும் வந்து இறங்குகின்றன. வேலைக்காக இந்த நகரத்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் முதல் வாய் சாப்பிட்டுவிட்டுச் சற்று யோசிக்கிறது. அந்நியச் சமையல் என்று நினைத்து வந்தால், ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு வாசனை அடிக்கிறதே!

பிரமை அல்ல. தேங்காய்ப்பால், புளி, கொத்துமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் இரு சமையலறைகளுக்கும் பொது. 'தோம் கா' சூப்புக்கு மணம் தரும் கிழங்கு பேரரத்தை. இருமலுக்குப் பாட்டிமார் கஷாயத்தில் போடும் சித்தரத்தையின் நெருங்கிய உறவு. குழம்பில் மிதக்கும் இலை எலுமிச்சை இனம். நார்த்தை இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்யும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணம் புதிதல்ல. வித்தியாசம் செய்முறையில்தான். இங்கே குழம்பை இறக்கும்போது தாளிப்பு. அங்கே பச்சை மிளகாயையும் அரத்தையையும் எலுமிச்சைப் புல்லையும் விழுதாக இடித்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் எண்ணெய் பிரியும்வரை முதலிலேயே வதக்கிவிடுகிறார்கள்.

இந்த ருசி கடல் கடந்தது தற்செயலாக அல்ல. வெளிநாடுகளில் சுமார் 5,500 ஆக இருந்த தாய்லாந்து உணவகங்களை 8,000 ஆக உயர்த்த 2002 வாக்கில் அந்நாட்டு அரசு திட்டமிட்டது. ஆடம்பர ரகத்துக்கு 'தங்க இலை', சாதாரண ரகத்துக்கு 'யானைத் துள்ளல்' என்று பொருள்படும் பெயர்களைக்கூட யோசித்து வைத்தது. உணவையே தூதராக அனுப்பும் உத்தி! பெங்களூரில் எம்.ஜி. ரோடு ஓபராய் ஓட்டலின் 'ரிம் நாம்' நட்சத்திர ரகம். இந்திராநகர், கோரமங்கலா பக்கம் பர்ஸைக் கடிக்காத இடங்களும் உண்டு.

ஆனால் சைவர்களுக்கு ஒரு சிக்கல். தாய்லாந்துச் சமையலில் உப்பின் வேலையைச் செய்வது 'நாம் ப்ளா'. சிறு மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு. குழம்பு விழுதிலோ 'கபி' எனும் இறால் விழுது கலந்திருக்கும். கடையில் விற்கும் டப்பா விழுதுகளிலும் பெரும்பாலும் இதே கதை. ஆகவே கிண்ணத்தில் காய்கறி மட்டுமே மிதந்தாலும் அது சைவம் என்று அர்த்தமில்லை. மீன் சாறும் இறால் விழுதும் சேர்த்திருக்கிறதா என்று ஆர்டர் கொடுக்கும்முன்பே கேட்டுவிடுவது உத்தமம். இறால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கோ இது ருசிப் பிரச்னை அல்ல, உயிர்ப் பிரச்னை.

மீன் சாறை எடுத்துவிட்டால் அது அசல்தானா? சந்தேகம் வேண்டாம். தாய்லாந்திலேயே ஆண்டுதோறும் 9 நாள் சைவத் திருவிழா நடக்கிறது. புக்கெட் தீவில் அது வெகு பிரசித்தம். அந்த நாட்களில் தெருக்கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். அதில் 'ஜே' என்ற சொல் இருக்கும். அங்கே மீன் சாறு கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. சோயா சாஸ்தான் உப்புக்கு.

இன்னொரு யோசனை: ஆளுக்கொரு குழம்பு வேண்டாம். தாய்லாந்துக்காரர்கள் பல வகைகளை நடுவில் வைத்து, சோற்றோடு பகிர்ந்து, வலது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். ஸ்பூன் பிடிக்காதவர்கள் சோற்றைப் பிசைந்துகொள்ளலாம். தூரத்துச் சொந்தம்தானே, கோபித்துக்கொள்ளாது.