வந்தேறிய காளைத்தவளை



மழை பெய்து ஓய்ந்த இரவிலே குளக்கரையில் எழும் தவளைக் குரல் நமக்குப் பழகிய ஒலி. ஓரிடத்துத் தவளையை வேறோரிடத்திற் கொண்டுபோய் விட்டால் என்ன கேடு விளைந்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு செய்த ஒரு செயலின் பயனை அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலம் இன்றும் அனுபவித்து வருகின்றது.

அம்மாநிலத்தில் இயற்கையாக வாழும் தவளைகளுள் ஒன்று செங்கால் தவளை என்பது. 1848ஆம் ஆண்டில் அங்கே பொன் கண்டுபிடிக்கப்பட்டதும் மக்கள் வெள்ளம்போல் வந்து குவிந்தனர். அவர்களுட் பலருக்குத் தவளைக்கால் சுவையான உணவு. ஆதலின் செங்கால் தவளைகள் ஆயிரமாயிரமாகப் பிடிக்கப்பட்டன. இவ்வினத்திலே பெண் ஆணினும் பெரிது. பெரியவற்றையே வேடர் நாடியமையால், முட்டையிடும் தாய்த் தவளைகளே மிகுதியும் அழிந்தன. இனம் அருகியதும், குறையை நிரப்புவதற்கென 1896ஆம் ஆண்டில் நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து காளைத்தவளை கொண்டுவரப்பட்டது. எருதின் முக்காரம் போன்ற குரலுடைமையால் அது அப்பெயர் பெற்றது.

இத்தவளையின் உடல் இருபது சதமமீற்றர் வரை வளரும். வாய்க்கு அடங்கும் எதனையும் விழுங்கும். பூச்சி, மீன், பாம்புக்குட்டி, எலி, பிற தவளை யாவும் அதற்கு இரையே. ஒரு பெண் தவளை ஒரே முறையில் இருபதினாயிரம் முட்டைகள் வரை இடும். அதன் வாற்பேத்தைகளை மீன்கள் விரும்பி உண்பதுமில்லை.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. காளைத்தவளையின் வாற்பேத்தை தவளையாவதற்குப் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும் வற்றாத நீர் அதற்கு இன்றியமையாதது. செங்கால் தவளையின் வாற்பேத்தையோ பொதுவாக அதே ஆண்டின் கோடைக்குள் உருமாறிவிடும். கோடையில் வற்றும் குட்டைகளிலே காளைத்தவளை பெருக இயலாது. ஆனால் மனிதன் அணைகளையும் மாடுகளுக்கான நீர்நிலைகளையும் அமைத்து, வற்றாத நீரைப் பெருக்கினான். வந்தேறிக்கு வீடும் அவனே கட்டிக் கொடுத்தான்.

இதனினும் கொடியது நோய். தவளைகள் தோலின் வழியாகவும் சுவாசிப்பவை. நீரையும் உப்புக்களையும் உடலுக்குள் ஏற்பதும் அத்தோலே. கைத்திரிட் என்னும் பங்கசு அத்தோலைப் பற்றினால், குருதியிலுள்ள உப்புக்களின் அளவு குலைந்து இதயம் நின்றுவிடும். 1998ஆம் ஆண்டில் ஆய்வாளர் இந்நோயை உலகுக்கு அறிவித்தனர். காளைத்தவளை இதனைத் தாங்கி, பெரும்பாலும் தான் மடியாது பிற இனங்களுக்குப் பரப்பும். உணவுக்கும் வளர்ப்புக்குமாக நடைபெறும் தவளை வாணிகத்தோடு இந்நோயும் கடல் கடந்தது. இப்பங்கசினால் 501 ஈரூடகவாழி இனங்கள் நலிவுற்றன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்துவிட்டன எனக் கருதப்படுகின்றன என்றும் 2019இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது.

காளைத்தவளை வந்து சரியாக நூறாண்டு கழிந்து, 1996இல், செங்கால் தவளை அழியும் நிலையை நெருங்கிய இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இதற்குப் பரிகாரம் இல்லையோ எனின், உண்டு, ஆயின் எளிதன்று. யொசமிற்றி பள்ளத்தாக்கிலே பணியாளர் பல்லாண்டு காலம் இரவிரவாக விளக்கோடு சென்று காளைத்தவளைகளைப் பிடித்து அகற்றினர். 2016 முதல் அங்கே செங்கால் தவளைகள் மீண்டும் விடப்பட்டன. அவை முட்டையிட்டதும் பின்னர் காணப்பட்டது. வேறு இடங்களிலே குளங்களைக் குறித்த காலத்தில் வற்றவிடுதல் பயன் தருகின்றது. கொண்டுவந்து விடுவதற்கு ஒரு நாள் போதும். அகற்றுவதற்கோ ஒரு தலைமுறை வேண்டும்.

நேயர்களே, நமது இலங்கையிலே நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. இங்கு அழிந்தால் எங்கிருந்தும் அவற்றை மீட்டுக் கொணர முடியாது. ஆகவே அழகுக்காக வளர்த்த அயல்நாட்டு மீனையோ, தவளையையோ, நீர்ச்செடியையோ, சலிப்புற்றபோது அயலிலுள்ள குளத்தில் விடாதிருப்போமாக. உயிரை விடுவித்தோம் என்று நாம் மகிழும் அச்செயலே பல உயிர்களுக்கு முடிவாகிவிடக் கூடும்.