எல்லையுள்ள பள்ளியும் எல்லையில்லாப் பள்ளியும்

1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் இந்தியானா மாநிலத் தலைநகரில் உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்து இறுதியாட்டம் நடைபெற்றது. ஒருபுறம் மைலன் என்னும் சிற்றூரின் பள்ளி. அதன் மாணவர் தொகை 161. மறுபுறம் மன்சி நகரத்துப் பள்ளி. அதன் மாணவர் தொகை ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆட்டம் முடியும் தறுவாயில் பாபி பிளம்ப் என்ற மாணவன் எறிந்த பந்து வளையத்துள் விழுந்தது. 32க்கு 30 என்ற கணக்கில் சிற்றூர் வென்றது. அவ்வெற்றியைத் தழுவி 1986ஆம் ஆண்டு 'ஹூசியர்ஸ்' என்ற திரைப்படமே எழுந்தது.

தாவீது கோலியாத்தை வீழ்த்திய வரலாறு நம் பிள்ளைகளுக்கு என்றும் இனிக்கும். ஆனால் தாவீது வென்றது ஒருமுறை. ஆண்டுதோறும் கோலியாத்தின் முன் நிறுத்தப்படும் சிறுவர்களின் கதி என்ன? இக்கேள்விக்கு இந்தியானாவும் இறுதியில் செவிசாய்த்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே கூடைப்பந்துப் பட்டம் என்ற பழைய முறையை 1997ஆம் ஆண்டோடு கைவிட்டு, மாணவர் தொகைக்கேற்பப் பள்ளிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது.

ஆயினும் மாணவர் தொகை ஒன்றை மட்டும் எண்ணி வகுப்புப் பிரித்தால் நீதி நிறைவேறிவிடுமா? அமெரிக்கப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் பல்லாண்டுகளாக வாதிட்டு வரும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவ்வாதத்தின் நடுவே கத்தோலிக்கப் பள்ளிகள் நிற்பதால், நாமும் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நன்று.

அந்நாட்டில் பள்ளி விளையாட்டுகளை மத்திய அரசு நடத்துவதில்லை. அந்தந்த மாநிலத்தில் பள்ளிகள் கூடி அமைத்த சங்கங்களே நடத்துகின்றன. பருவம் முழுவதும் அண்டைப் பள்ளிகளோடு ஆடியபின், மாநிலப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள் வரும். அங்கே தோற்ற அணி அன்றே வீடு திரும்ப வேண்டியதுதான்.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அரசுப் பள்ளிக்குப் பெரும்பாலும் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லைக்குள் வாழும் பிள்ளை எவராயினும், ஓட வல்லவராயினும் நடக்கவே இயலாதவராயினும், பள்ளி ஏற்றுக்கொண்டாக வேண்டும். தனியார் பள்ளிக்கோ அத்தகைய எல்லை இல்லை. பத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வரலாம். விண்ணப்பித்தோருள் சிலரைத் தேர்ந்து, மற்றவரை அனுப்பிவிடவும் செய்யலாம். ஆகவே ஐந்நூறு பேர் கொண்ட அரசுப் பள்ளியும் ஐந்நூறு பேர் கொண்ட தனியார் பள்ளியும் ஏட்டில் சமம். ஆடுகளத்தில் சமம் ஆகா. தனியார் பள்ளிகள் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய பட்டங்களை அள்ளிச் செல்கின்றன என்பதே அரசுப் பள்ளிகளின் குறை.

இக்குறையைத் தீர்க்க ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழி கண்டது. நியூ ஜெர்சி, அரசுப் பள்ளிகளுக்கும் அரசு சாராப் பள்ளிகளுக்கும் வெவ்வேறு பட்டங்களை வைத்தது. அலபாமா 1999ஆம் ஆண்டில் தனியார் பள்ளிகளின் மாணவர் தொகையை 1.35ஆல் பெருக்கத் தொடங்கியது. இல்லினாய் 2005ஆம் ஆண்டில் எல்லையில்லாப் பள்ளிகளின் தொகையை 1.65ஆல் பெருக்கியது. அதாவது, அவ்வாறு பெருக்கப்பட்ட பள்ளி தன் உண்மைத் தொகையினும் மிகுந்த மாணவர் கொண்டதாகக் கருதப்பட்டுப் பெரிய பள்ளிகளோடு மோதவேண்டியதாயிற்று. டென்னசி 1997ஆம் ஆண்டு முதல், விளையாட்டு வீரர்களுக்குக் கட்டண உதவி அளிக்கும் தனியார் பள்ளிகளைத் தனிப் பிரிவில் வைத்தது. அம்மாநிலத்திலேயே, இளம் மாணவரை ஆட்டத்துக்காக அழைத்தது பற்றி ஒரு தனியார் பள்ளிக்கும் சங்கத்துக்கும் எழுந்த வழக்கு இருமுறை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய அழைப்பைத் தடுக்கும் விதி பேச்சுரிமைக்கு மாறானதன்று என்று 2007ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று.

கத்தோலிக்கராகிய நாம் இதனை எவ்வாறு எடைபோடுவது?

முதலில் வரலாற்றை மறத்தலாகாது. 1884ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் கூடிய அமெரிக்க ஆயர்களின் மூன்றாம் பேரவை, ஒவ்வொரு ஆலயத்தின் அருகிலும் ஒரு பங்குப் பள்ளி எழும்ப வேண்டுமெனக் கட்டளையிட்டது. அயர்லாந்து, இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த ஏழைத் தொழிலாளரின் காணிக்கையும் கன்னியரின் உழைப்புமே அப்பள்ளிகளைத் தாங்கின. அப்பிள்ளைகளுக்கு ஆடுகளத்தின் வாயிலும் எளிதில் திறக்கவில்லை. இதே இந்தியானாவில் 1942ஆம் ஆண்டு வரை கத்தோலிக்கப் பள்ளிகள் மாநிலச் சங்கத்தில் சேர்க்கப்படவில்லை. கறுப்பின மாணவர் பயின்ற பள்ளிகளுக்கும் அதே நிலைதான். வெளியே நிறுத்தப்படுவதன் வேதனை நம்மவர் அறியாததன்று. எனவே, 'தனியார்' என்ற பெயர்ப் பலகையைக் கண்டதும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்போரின் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

மேலும், அப்பெயர்ப் பலகையின்கீழ் எத்தனை வேறுபாடுகள்! பசும்புல் திடலும் நீச்சல் குளமும் உடைய செல்வப் பள்ளியும் தனியார் பள்ளியே. நகரின் நெருக்கடியான தெருவில், ஆடச் சொந்தத் திடலின்றி, அடுத்த ஆண்டு கதவு திறக்குமோ என்று ஏங்கும் பங்குப் பள்ளியும் தனியார் பள்ளியே. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்குவது எங்ஙனம் நீதியாகும்? மறுபக்கமும் அப்படியே. செல்வர் வாழும் புறநகரின் அரசுப் பள்ளியும், வேலையிழந்த ஊரின் அரசுப் பள்ளியும் ஒரே வகையினவா? மின்னசோட்டா மாநிலச் சங்கம் இதனை உணர்ந்து, மதிய உணவுச் சலுகை பெறும் ஏழைப் பிள்ளைகளின் தொகையில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டே பள்ளிகளை வகுப்புப் பிரிக்கும் முறையைக் கொண்டது. வறுமையும் ஆட்டத்தில் ஒரு சுமை என்பதை அது ஒப்புக்கொண்டது.

நம் கருத்துக்கு மிகவும் இசைவாகத் தோன்றுவது ஒஹையோ மாநிலம் கண்ட வழி. அங்கே 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளும் உறுப்புப் பள்ளிகளின் வாக்கெடுப்பில் வெவ்வேறு திட்டங்கள் தோற்றன. 2014ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வென்று, 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அது பள்ளியின் பெயரைப் பார்க்கவில்லை. குறிப்பிட்ட சில ஆட்டங்களில் அணியிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தது. அப்பள்ளிக்கென்று குறிக்கப்பட்ட பங்குப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முதலே பயின்று வந்த பிள்ளைக்குக் கூடுதல் கணக்கு இல்லை. வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைக்குக் கூடுதல் கணக்கு உண்டு. வெளி எல்லையிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிக்கும் அதே அளவுகோல்தான். குறையற்ற முறை என்று சொல்வதற்கில்லை. கணக்கு நீளுகிறது, சச்சரவும் ஓயவில்லை. எனினும் எந்தச் செயலால் சமநிலை குலைகிறதோ, அந்தச் செயலையே அது அளக்கிறது. நீதியின் தராசில் பெயரை வைக்கலாகாது, செயலையே வைக்க வேண்டும் என்பது நம் எளிய கருத்து.

இனி, நம் பள்ளிகளை நோக்கியும் ஒரு சொல் கூறாமல் முடித்தல் நேர்மையாகாது. கத்தோலிக்கப் பள்ளி எதற்காக எழுந்தது? ஏழையின் பிள்ளை விசுவாசத்தில் வளரவே எழுந்தது. உயரமான பையனைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்புவதும், குட்டையான பையனுக்கு இல்லாத கட்டணச் சலுகையை அவனுக்கு மட்டும் அளிப்பதும் எங்கேனும் நடந்தால், அங்கே கிண்ணம் பீடமேறிவிட்டது, பிள்ளை படியிறங்கிவிட்டது. எல்லையின்மை என்பது ஒரு வசதி. வசதி பெற்றவன் அதனை மறுப்பது வாய்மையன்று. "ஆம், எமக்கு இந்த நலன் உண்டு, அதற்கேற்பப் பெரியவரோடு மோத அணியமாயிருக்கிறோம்" என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நம்மவரே. அவ்வாறு சொன்னபின் சிறிய பங்குப் பள்ளிக்காக வாதாடினால், அச்சொல்லுக்கு எடை மிகும்.

புனித சின்னப்பர் பந்தயத் திடலை நன்கு அறிந்தவர். விதிப்படி ஆடாதவனுக்கு முடி இல்லை என்று தம் அன்பு மாணவர் திமோத்தேயுவுக்கு அவர் நினைவூட்டினார். 2018ஆம் ஆண்டு சூன் திங்களில் விளையாட்டைப் பற்றி வத்திக்கான் வெளியிட்ட ஏடும், ஆட்டத்தில் மனிதனே முதன்மை என்பதை வலியுறுத்தியது.

பெற்றோரே, பதினைந்து வயதுச் சிறுவன் தோல்வியைத் தாங்குவான். அழுவான், முகம் கழுவுவான், மறுநாள் மீண்டும் பந்தை எடுப்பான். ஆனால் ஆட்டம் தொடங்குமுன்னரே முடிவு எழுதப்பட்டுவிட்டது என்று அவன் உணர்ந்தால், பெரியோர் வகுக்கும் எவ்விதியையும் பின்னர் நம்பமாட்டான். வகுப்புப் பிரிக்கும் மேசையில் அமர்வோர், அரசுப் பள்ளியைச் சார்ந்தவராயினும் ஆலயப் பள்ளியைச் சார்ந்தவராயினும், அச்சிறுவனின் முகத்தை ஒருகணம் எண்ணிப் பார்த்துப் பேனாவை எடுப்பார்களாக.