இங்கே எல்லோருக்கும் ஒரே டிரெஸ்!

டூர் கிளம்பறதுக்கு முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல் ரூம் எப்படி இருக்கும்? பிராண்டட் ஜீன்ஸ், கூலிங் கிளாஸ், சென்ட்... பேக் ஜிப்பே மூடாது, இல்லையா? ஆனா, இதையெல்லாம் கழற்றி வெச்சுட்டுத்தான் கிளம்பணும்னு சொல்ற ஓர் இடம் இருக்கு!

சவுதி அரேபியாவில், மதீனாவை ஒட்டி இருக்கிறது துல்ஹுலைஃபா பள்ளிவாசல். மதீனா வழியாக மக்காவுக்கு ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு இதுதான் 'மீக்காத்', அதாவது எல்லைக்கோடு. இப்படி ஐந்து எல்லைகள் உண்டு. அதில் மக்காவிலிருந்து ரொம்பத் தொலைவு இதுதான். 400 கிலோமீட்டருக்கும் மேல்!

இங்கே குளித்து, ஆண்கள் தையல் இல்லாத இரண்டு துணிகளுக்கு மாறுவாங்க. ஒன்று இடுப்புக்கு, ஒன்று தோளுக்கு. பெண்களுக்கு வழக்கமான உடைதான். ஆனா, முகத்திரை, கையுறை கூடாது. பிறகு மனசில் நிய்யத். 'லப்பைக்' (இதோ வந்துவிட்டேன்) என்ற முழக்கம். அவ்வளவுதான், இஹ்ராம் ஆரம்பம்! இனி சென்ட் கூடாது, நகம் வெட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது. முக்கியமா, சண்டை கூடவே கூடாது. முதலாளி யாரு, டிரைவர் யாருன்னு துணியைப் பார்த்துச் சொல்லவே முடியாது!

கி.பி. 632-ல் நபிகள் நாயகம் தன் கடைசி ஹஜ்ஜுக்கு இங்கிருந்துதான் இஹ்ராம் அணிந்து புறப்பட்டார். மக்கா போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்தக் கூட்டத்தில் அஸ்மா என்ற பெண்ணுக்கு இதே இடத்தில் குழந்தை பிறந்தது. 'இனி நான் என்ன செய்ய?' என்று கேட்டு ஆள் அனுப்பினார். 'திரும்பிப் போ' என்று பதில் வரவில்லை. குளித்து, துணி கட்டிக்கொண்டு இஹ்ராமில் சேரச் சொன்னார் நபிகள். பச்சைக் குழந்தையோடு பயணம் தொடர்ந்தது!

இப்போதுள்ள கட்டடம் 1980-களில் எழுந்தது. வடிவமைத்தவர் எகிப்தைச் சேர்ந்த அப்தெல் வாஹித் அல் வகீல். வளைவுகள், குவிமாடங்கள், மரங்கள் நிற்கும் முற்றம், வரிசையாகக் குளியலறைகள். உடை மாற்றுவதுதான் இங்கே பெரிய வேலை, அதற்கேற்ற கட்டடம்!

உங்க ஃப்ரெண்ட் வீட்டில் ஹஜ் போய்வந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தா, பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் தருவாங்க. வாங்கிக்கிட்டு உடனே கிளம்பிடாதீங்க. 'இஹ்ராம் கட்டின அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சு?'ன்னு கேளுங்க. அவங்க கண்ணு பதில் சொல்லும்!