ஈப்போ வெயில் மட்டும் போதாது

“அண்ணே, ஈப்போவில் இல்லாத வெயிலா? இதுக்கு எதுக்குத் தனியா விளக்கு?” பியர்டட் டிராகன் குட்டி வளர்க்க ஆசைப்படும் இளைஞர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பகலில் வெப்பம் 33 டிகிரி வரை ஏறும். இரவிலும் 23, 24-க்குக் கீழே அதிகம் இறங்காது. இருந்தும் விளக்கு வேண்டும். ஏன் என்று ஒரு தே தாரிக் குடித்துக்கொண்டே பொறுமையாகப் பார்ப்போம்.

இந்தத் தாடி ஓணானின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதி. வேலிக் கம்பத்திலும் காய்ந்த மரக்கிளையிலும் ஏறி வெயில் காயும். உடல் 35 டிகிரியை ஒட்டிச் சூடானதும் இரை தேடிப் போகும். மேலும் சூடேறினால் நிழலுக்கு ஓடிவிடும். தன் உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் லயத்து வேலியில் காலை வெயில் காயும் ஓணானைப் பார்த்திருப்பார்கள். பால் மரம் வெட்டும் வேலை விடியும் முன்பே தொடங்கும், குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். ஓணானின் நாள் வெயில் ஏறிய பிறகுதான் தொடங்கும்.

ஆகவே கூண்டு முழுவதும் ஒரே சூடாக இருந்தால் பயனில்லை. ஒரு முனையில் குட்டி ஏறிப் படுக்கும் கல்லோ கட்டையோ 38 முதல் 42 டிகிரி வரை சுட வேண்டும். மறுமுனை 24 முதல் 29-க்குள் இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் கிடைக்க நீளம் தேவை. வளர்ந்த பிறகும் போதுமானதாக இருக்க, 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள கூண்டை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

நம் ஊரில் சிக்கலே குளிர்ந்த முனையில்தான். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே 100 வாட்ஸ் பல்பை மாட்டினால், மதியம் வீடே 32 டிகிரியில் இருக்கும்போது குட்டி ஒதுங்க இடமே இருக்காது. வாய் பிளந்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, சில மணி நேரத்திலேயே செத்துப்போகும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறை இதற்கு ஆகாது. வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். 50 வாட்ஸ் அளவிலான ஹாலோஜன் விளக்கில் தொடங்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு மாட்டுங்கள். குளிர்ந்த முனை 30-ஐத் தாண்டினால் விளக்கைத் தணியுங்கள். எல்இடி விளக்கு சூடு தராது. சுடும் கல் என்று கடைகளில் விற்பதை வாங்க வேண்டாம், அது வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும்.

கையை வைத்துப் பார்த்துச் சூட்டைக் கணிக்கவும் கூடாது. கல்லின் சூட்டை அளக்கத் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்று, இரண்டு முனைகளிலும் காற்றின் சூட்டை அளக்கச் சிறு டிஜிட்டல் வெப்பமானிகள் இரண்டு. இந்த மூன்றும் இல்லாமல் குட்டி வளர்ப்பது தவறு என்றே சொல்வேன்.

இனி வெளிச்சம். சூட்டைவிட இதில்தான் ஏமாந்துபோகிறோம், ஏனென்றால் வேண்டிய கதிர் கண்ணுக்குத் தெரியாது. யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடலில் டி3 வைட்டமின் உருவாகும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். 1919-இல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு வளைந்த ரிக்கெட்ஸ் குழந்தைகளைப் புற ஊதா விளக்கொளியில் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார். ஓணான் குட்டிக்கும் அதே கதைதான். மாதத்துக்கு மாதம் நீளும் உடலுக்கு யூவிபி கிடைக்காவிட்டால் தாடை மென்மையாகும், கால் நடுங்கும், முதுகு வளையும். வளைந்த எலும்பு பிறகு நிமிராது.

சன்னலோரம் வைத்தால் போதாதா? போதாது. கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் விடும், யூவிபியைத் தடுத்துவிடும். மேலே போடும் கம்பி வலைகூட மூன்றில் ஒரு பங்கு யூவிபியைத் தடுத்துவிடும். ஆகவே நீளமான டி-5 குழல் விளக்கு, 10 முதல் 12 சதவீத யூவிபி உள்ளது, கூண்டின் பாதிக்குமேல் நீளமுள்ளதாக வாங்குங்கள். சுடும் விளக்கு இருக்கும் பக்கத்திலேயே அதையும் மாட்டுங்கள். வெயிலில் சூடும் கதிரும் ஒன்றாகத்தானே வரும். எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்பது விளக்குக்கு விளக்கு மாறும், பெட்டியில் உள்ள தூரத்தை அப்படியே பின்பற்றுங்கள். ஊதா நிறத்தில் எரிவதெல்லாம் யூவிபி அல்ல. விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டில் மாற்றிவிட வேண்டும், அதற்குள் கதிர் தேய்ந்திருக்கும்.

உண்மையான வெயிலை மிஞ்சும் விளக்கு கிடையாது. குட்டியை வெளியே எடுத்து வருவது நல்லதுதான், ஆனால் நேரம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூரியனைவிட முன்னே ஓடிய நம் கடிகாரம் 1982 முதல் இன்னும் முன்னே ஓடுகிறது. ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 1.15 ஆகிவிடும். காலை 8 மணி வெயில் தாழ்ந்த வெயில், அதில் யூவிபி மிகக் குறைவு. 9.30-க்கும் 10.30-க்கும் இடையே கால் மணி நேரமோ அரை மணி நேரமோ போதும். கம்பி வலைக் கூண்டில், பாதி நிழலோடு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு காட்டுங்கள். காக்கை, பூனை, கட்டெறும்பு எதையும் நம்ப முடியாது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் உயிர் வெந்துபோகும்.

இரவில் எந்த விளக்கும் வேண்டாம், சிவப்பு விளக்கும் வேண்டாம். நம் ஊர் இரவுச் சூடே போதும். ஏர்கோன் போட்ட அறையானால் 18-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 12 முதல் 14 மணி நேர வெளிச்சத்தை டைமரிடம் விட்டுவிடலாம். ஈப்போவின் ஈரக் காற்று இந்தப் பாலைவன உயிருக்கு ஒத்துவராது என்பதால், பக்கவாட்டில் நிறையத் துளை போட்ட மரக் கூண்டே நல்லது.

மின்சாரம் போனால் பதற வேண்டாம், விளக்கு திரும்ப வரும்வரை தீனி மட்டும் போடாதீர்கள். சூடு இல்லாத வயிற்றில் பூச்சி செரிக்காது. சுடும் இடத்தில் வாய் திறந்திருப்பது இயல்பு. குளிர்ந்த முனையிலும் வாய் பிளந்தால் கூண்டே கொதிக்கிறது என்று பொருள். நாள் முழுவதும் விளக்கடியிலேயே கிடந்தால் சூடு போதவில்லை.

பழைய தோட்ட வீடுகளில் வயரிங் பழசு. ஒரே எக்ஸ்டென்ஷனில் எல்லாவற்றையும் சொருகாதீர்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள். குட்டி தொட முடியாதபடி விளக்குக்குக் கம்பிக்கூடு போடுங்கள்.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் வேண்டுமா என்பதைக் குட்டியை வாங்கும் முன்பே பெர்ஹிலிதான் என்னும் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு விளக்குகளை முதலில் வாங்கி மாட்டி, காலியான கூண்டில் ஒரு வாரம் எரியவிட்டு, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சூட்டை அளந்து எழுதுங்கள். அளவுகள் சரியாக நின்ற பிறகு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.