வரைபடத்தில் பூங்கா, நேரில் முட்புதர்: மனைப்பிரிவில் குடியிருப்போர் ஒன்றுசேர்ந்தால் என்ன செய்ய முடியும்?

திருப்பதி: ஒரு மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றுவிட்டது என்பதாலேயே அங்கு சாலையும், வடிகாலும், பூங்காவும் தாமாக அமைந்துவிடுவதில்லை. திருப்பதி, சித்தூர் புறநகர்ப் பகுதிகளில் மனை வாங்கிக் குடியேறுவோர், வரைபடத்தில் உள்ளதை நேரில் பெறுவதற்குச் சட்டம் தரும் வழிகள் என்ன?

விதிகள் கூறுவது என்ன?

ஆந்திர அரசு 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நில மேம்பாட்டு விதிகளின்படி, மனைப்பிரிவின் மொத்தப் பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, உள்ளாட்சி அமைப்பிடம் இலவசமாக ஒப்படைக்கப்பட வேண்டும். சாலை, வடிகால் உள்ளிட்ட பணிகள் நிறைவடையும் வரை, 15 சதவீத மனைகளை மேம்பாட்டாளர் ஆணையத்திடம் அடமானமாக வைக்க வேண்டும்.

இந்த அடமானமே குடியிருப்போரின் முக்கியப் பிடிமானம். அது விடுவிக்கப்படும் முன்பே, முடியாத பணிகளைப் புகைப்படங்களுடன் ஆணையத்திற்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கலாம். விடுவிக்கப்பட்ட பின், அதே பணிக்கு உள்ளாட்சியின் நிதி ஒதுக்கீட்டை எதிர்பார்த்துக் காத்திருக்க நேரிடும்.

சங்கம் அமைப்பது எப்படி?

ஆந்திர சங்கங்கள் பதிவுச் சட்டம் 2001ன் கீழ், 7 பேர் சேர்ந்தாலே ஒரு நலச்சங்கத்தைப் பதிவு செய்யலாம். அடுத்ததாக, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைப் பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இதற்கான விண்ணப்பத்திற்கு 30 நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். எந்த இடம் பூங்கா, எந்த இடம் வடிகால் என்பது ஆவணமாகக் கையில் இருந்தால், ஆக்கிரமிப்பைத் தொடக்கத்திலேயே தடுக்க முடியும்.

இதன் அவசியத்தை 2021 நவம்பர் மாதக் கனமழை உணர்த்தியது. அப்போது திருப்பதியின் பல குடியிருப்புப் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. ஏரிகளும் நீர்வழிகளும் ஆக்கிரமிக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது.

ஆலந்தூர் காட்டிய வழி

குடியிருப்போரின் கூட்டு முயற்சிக்குத் தமிழகத்தின் ஆலந்தூர் நல்ல சான்று. அப்போது சென்னையை ஒட்டிய தனி நகராட்சியாக இருந்த இங்கு, 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, குடியிருப்போர் நலச்சங்கங்கள் வீடு வீடாகச் சென்று மக்களிடம் விளக்கின. ஒரு வீட்டிற்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை என்ற அளவில், பணிகள் முடியும் முன்பே மக்கள் பணம் செலுத்தினர். ஏறத்தாழ 34 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு, மக்களின் பங்காகச் சுமார் 8 கோடி ரூபாய் திரண்டது. எஞ்சிய தொகை கடனாகவும் மானியமாகவும் பெறப்பட்டது.

எல்லை எது?

நலச்சங்கம் உள்ளாட்சிக்கு மாற்று அல்ல. சாலை, குடிநீர், குப்பை அகற்றம் ஆகியவை வரி செலுத்தும் மக்களுக்கு உள்ளாட்சி ஆற்ற வேண்டிய கடமைகள். சங்கத்தின் பணி, கண்காணிப்பதும் கேட்டுப் பெறுவதும் ஆகும். வீட்டு உரிமையாளர்களுடன் வாடகைக்குக் குடியிருப்போரையும் சேர்த்துக்கொள்வது அவசியம். தேங்கிய மழைநீர் இரு தரப்பினரின் வீட்டிற்குள்ளும் புகும்.

புதிதாக மனை வாங்குவோர், பத்திரப்பதிவுக்கு முன் மூன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்: அங்கீகார எண், திறந்தவெளி ஒப்படைக்கப்பட்டதா என்பது, அடமானம் நிலுவையில் உள்ளதா என்பது.