லோக்டாக்கின் மீன் வளையங்கள்

மணிப்பூரின் லோக்டாக் ஏரியை வானிலிருந்து எடுத்த படங்களில் முதலில் கண்ணில் படுபவை வளையங்கள். நீல நீரின் மேல் பச்சை வட்டங்கள், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், பெரிதும் சிறிதுமாகக் கிடக்கும். சுற்றுலா விளம்பரங்களில் அவை இயற்கையின் அதிசயம் என்ற பெயரில் வலம்வருகின்றன. அந்த வட்டங்களை இயற்கை போடவில்லை. மீன் வந்து தங்கட்டும் என்று மெய்தெய் மீனவர்கள் கையால் கட்டிய குடியிருப்புகள் அவை. பெயர் அதாஃபும். இன்று ஏரியின் மையப் பகுதியில் அவற்றைக் கட்டுவது சட்டப்படி குற்றம்.

கட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லோக்டாக்கில் ஃபும்டி என்ற மிதக்கும் திட்டுகள் உண்டு. புல்லும் நாணலும் வேரும் மக்கிய இலையும் மண்ணும் ஆண்டுக்கணக்கில் பின்னிப் பின்னி உருவான படுகை அது. சில இடங்களில் இரண்டு மீட்டர் வரை தடிமன் இருக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும், மீதி நீருக்குள். மனிதர் ஏறி நடக்கலாம், குடிசைகூடப் போடலாம். மீனவர்கள் இந்தத் திட்டிலிருந்து நீள நீளமான துண்டுகளை அறுத்து, படகில் கட்டி இழுத்து வருகிறார்கள். அவற்றை முனையோடு முனை சேர்த்து வட்டமாக்கி, மூங்கில் கழிகளை ஏரியடியில் ஊன்றிக் கயிற்றால் பிணைக்கிறார்கள். வட்டத்தின் உட்புறத்தை மிதக்கும் பாசிகளாலும் செடிகளாலும் நிரப்புகிறார்கள். சிலர் தவிடு போன்ற தீனியும் போடுவதுண்டு.

பிறகு காத்திருப்புதான். செடிகளின் அடியில் நிழல் விழுகிறது, வேர்களில் புழுவும் பூச்சியும் நத்தையும் ஒட்டுகின்றன. பெரிய மீனுக்கும் பறவைக்கும் தப்ப இடம் கிடைப்பதால் குஞ்சு மீன்கள் முதலில் வரும், அவற்றைத் தேடிப் பெரியவை வரும். சில மாதங்கள் கழித்து வளையத்தைச் சுற்றி வலையை இறக்கி, அதன் அடிவிளிம்பை ஏரித் தரையோடு அழுத்திவிடுகிறார்கள். ஆட்கள் இறங்கி உள்ளிருக்கும் செடிகளை வாரி வெளியே தள்ள, வலை சுருங்கிக்கொண்டே வருகிறது. பலர் சேர்ந்து செய்யும் வேலை இது. மீன் கரைக்கு வந்ததும் பெண்களின் கைக்குப் போகிறது. இம்பாலில் பெண்களே நடத்தும் இமா கெய்தெல் சந்தை வரைக்கும் அது பயணப்படும்.

முன்பு இப்படிப்பட்ட வளையங்கள் ஏரியில் சிலவே இருந்தன. அதிகம் தேவைப்படவில்லை என்பதே காரணம். அன்றைய லோக்டாக் பருவத்தோடு ஏறி இறங்கிய ஏரி. மழைக்காலத்தில் விரிந்து வயல்வரை வரும், கோடையில் சுருங்கும். நீர் வற்றும்போது ஃபும்டி தரையைத் தொட்டு, வேர்கள் சேற்றிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்ததும் பருத்து மேலே எழும்பும். வெள்ளக் காலத்தில் கோர்டாக் கால்வாய் வழியாக ஒரு பகுதி மணிப்பூர் ஆற்றுக்கு அடித்துச் செல்லப்படும். ஏரி தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்ட வழி அது. வந்து சேர்ந்த மீனும் அந்த வழியாகவே வந்தது. மணிப்பூர் ஆறு தெற்கே மியன்மருக்குள் இறங்கி, மைத்தா ஆற்றோடு கலந்து, சிந்த்வின் வழியாக ஐராவதியில் சேர்கிறது. அந்தத் தொலைவிலிருந்து நீரை எதிர்த்து ஏறி, லோக்டாக்கின் ஆழமற்ற நீரில் முட்டையிட வந்த மீன்கள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது பெங்பா. மணிப்பூரின் மாநில மீன் அதுதான். விருந்திலும் சடங்கிலும் அதற்கு இடமிருந்தது.

1983-இல் மணிப்பூர் ஆற்றின் குறுக்கே இத்தாய் தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்தது. 105 மெகாவாட் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமான திட்டம். மின்நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நீர் வேண்டும், ஆகவே மதகுகள் மூடப்பட்டன. ஏறி இறங்கிய ஏரி ஒரே மட்டத்தில் நிற்கும் நீர்த்தேக்கமானது. கோடையில் விளைந்த கரையோர வயல்கள் நிரந்தரமாக மூழ்கின. உழுதவர்கள் வேறு வழியின்றி மீன்பிடிக்க இறங்கினார்கள். அதே நேரத்தில் ஆற்றுவழி மீன் வரத்து அடைபட்டது. பிடிப்பவர்கள் பெருக, வரும் மீன் குறைந்தது. அப்போதுதான் வளையங்கள் பெருகின. நைலான் வலையும் நைலான் கயிறும் கிடைத்ததால் கட்டுவதும் சுலபமானது. ஃபும்டியின் மேலேயே குடிசை போட்டு, வளையத்தைக் காவல் காத்துக்கொண்டு குடும்பங்கள் வாழத் தொடங்கின. சம்பு காங்போக் என்ற மிதக்கும் ஊரே அப்படி நிற்கிறது.

பெங்பா இப்போது பொரிப்பகத்தின் தயவில் வாழ்கிறது. விஞ்ஞானிகள் ஊசி போட்டு முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்து, குளங்களிலும் ஏரியிலும் விடுகிறார்கள். அந்த விஞ்ஞானிகளின் உழைப்பு பெரியது, அதை மதிக்கிறேன். ஆனாலும் ஐராவதியிலிருந்து ஏறி வந்த ஒரு மீன், பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜனோடு ஏரிக்குப் போக வேண்டிய நிலை வந்ததை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெங்பா இருந்த இடத்தில் அரசு இருப்பு விட்ட ரோகு, கட்லா, புல் கெண்டை ஆகியவைதான் இன்று வளையங்களில் அதிகம் சிக்குகின்றன.

மீனவர்களின் பக்கம் நிற்பதால் அதாஃபுமில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. வளையங்கள் நெருங்கி நெருங்கி அமைந்தபோது இடையில் நீரோட்டம் தேங்கியது. படகு போகும் தடம் அடைபட்டது. அடர்ந்த செடிகள் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், போட்ட தீனியில் மிச்சமும் அடியில் தங்கும். இம்பால் நகரின் கழிவைச் சுமந்துகொண்டு நம்புல் ஆறு இதே ஏரியில்தான் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கழிவு செடிகளை வளர்த்தது, அடைபட்ட மதகு அவை வெளியேறாமல் பார்த்துக்கொண்டது. இதற்கெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த ஒரே குற்றவாளியாக அகப்பட்டது வளையம்.

லோக்டாக் 1990-இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 1993-இல், அழிவின் பாதையில் இருக்கும் சதுப்பு நிலங்களுக்கான மாந்த்ரே பதிவேட்டிலும் ஏறியது. 2006-இல் மாநில அரசு லோக்டாக் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது ஏரியை மையப் பகுதி, சுற்றுப் பகுதி என்று பிரித்தது. மையப் பகுதியில் ஃபும்டி மேல் குடிசை கட்டுவதும், அதாஃபும் அமைத்து மீன்பிடிப்பதும் தடை செய்யப்பட்டன. 2011 நவம்பரில் லோக்டாக் வளர்ச்சி ஆணையத்தார் காவல்துறையோடு வந்து நூற்றுக்கணக்கான மிதக்கும் குடிசைகளைக் கொளுத்தினார்கள். வீடிழந்த மீனவர் ஒருவரையே நாயகனாக்கி ஹவோபம் பவன் குமார் எடுத்த 'லோக்டாக் லைரெம்பி' படம் 2016-இல் வந்தது. சட்டத்தின் வாசகத்தைப் படிப்பதோடு அந்தப் படத்தையும் பார்க்க வேண்டும். 2022-இல் வளையங்களையும் குடிசைகளையும் அகற்றும்படி மறுபடியும் அறிவிப்பு வந்தது.

இங்கே கடல் கடந்து ஓர் உதாரணம் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் அரிசோனா, கலிபோர்னியா எல்லையில் ஹவாசு ஏரி இருக்கிறது. 1938-இல் கட்டி முடித்த பார்க்கர் அணையால் உண்டான நீர்த்தேக்கம் அது. வெள்ளத்தில் மூழ்கிய பழைய மரஞ்செடிகள் நாளடைவில் மக்கிப்போக, மீனுக்கு ஒதுங்க இடமில்லாமல் ஆனது. 1990-களில் அரசுத் துறைகளும் தூண்டில்காரர்களும் கைகோத்து, கட்டுக் கட்டாகப் புதர்களையும் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டங்களையும் ஏரியடியில் இறக்கினார்கள். பத்தாண்டுத் திட்டம், அரசுப் பணம். அங்கேயும் விதிகள் கடுமையானவைதான். அந்நாட்டு ராணுவப் பொறியாளர் பிரிவு பராமரிக்கும் ஏரிகளில் அனுமதியின்றித் தனியார் எவரும் மரக்கிளையைக்கூட அமிழ்த்தக் கூடாது. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்தப் பொருளால் என்பதைக் கேட்டுத்தான் அனுமதி தருகிறார்கள். மீன் வாழிடம் என்று பழைய டயர்களைக் கொட்டி ஃபுளோரிடா கடலில் பட்ட பாடு இந்த எச்சரிக்கையின் தேவையைக் காட்டுகிறது. லட்சக்கணக்கான டயர்களைப் பின்னர் கடலடியிலிருந்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு ஏரிகளிலும் நடந்தது ஒன்றே. அணை வந்தது, மீன் வாழிடம் போனது, மனிதர் கையால் வாழிடம் கட்டினார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவருக்காகக் கட்டியபோது அதற்குத் திட்டம் என்று பெயர், நிதி ஒதுக்கீடு கிடைத்தது. வயிற்றுக்காகக் கட்டியபோது ஆக்கிரமிப்பு என்று பெயர் வந்தது. ஹவாசுவின் வாழிடம் நீரடியில் மறைந்திருக்கிறது, லோக்டாக்கினுடையது மேலே மிதந்து நீரோட்டத்தை மறிக்கிறது என்ற வேறுபாடு உண்மைதான். அந்த வேறுபாட்டைக் கொண்டு விதி எழுதியிருக்கலாம். இத்தனை ஏக்கருக்கு இத்தனை வளையம், கால்வாய் வாயில் ஒன்றும் கூடாது, தீனி போடக் கூடாது, அறுவடைக்குப் பின் செடியைக் கரையேற்ற வேண்டும் என்று உரிமம் கொடுத்திருக்கலாம். ஏரியோடு பிறந்து வளர்ந்தவர்கள் அந்தக் கணக்கைக் காகிதமில்லாமலே சொல்வார்கள்.

லோக்டாக்கின் தென்கிழக்கே கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்கா இருக்கிறது. மிதக்கும் திட்டின் மேல் அமைந்த பூங்கா, சங்காய் மானின் கடைசிக் காட்டு வாழிடம். 1975-இல் எண்ணியபோது பதினான்கு மான்களே இருந்தன, 2016-இல் எண்ணியபோது இருநூறைத் தாண்டியிருந்தன. அந்தப் பூங்காவில் அதாஃபும் கிடையாது, குடிசை கிடையாது. ஆனாலும் அங்கே ஃபும்டி மெலிந்துகொண்டே வருகிறது. கோடையில் தரையைத் தொட முடியாததால் அதற்குச் சத்து கிடைப்பதில்லை, மானின் பாரத்தைத் தாங்காத அளவுக்கு இளைத்த இடங்கள் உண்டு. வளையமே இல்லாத இடத்திலும் நோய் இருக்கிறது என்றால், வளையத்தை அறுப்பது எந்த நோய்க்கு மருந்து?

கோடையில் சில வாரங்கள் நீர்மட்டத்தை இறக்குங்கள், மீன் ஏறும் பருவத்தில் மதகைத் திறந்து வையுங்கள் என்று மீனவர்களும் ஆய்வாளர்களும் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். தடுப்பணையையே அகற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அகற்றாவிட்டாலும் அட்டவணையை மாற்ற முடியும், அதனால் குறையும் மின்சாரத்துக்கு விலை போடவும் முடியும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த உட்காருபவர்கள் வளையங்களை எண்ணும் பிரிவுக்குப் பக்கத்திலேயே இத்தாய் மதகு எந்த மாதம், எத்தனை நாள் திறக்கும் என்ற பிரிவையும் எழுத வேண்டும்.