ஏலத்தில் விலை வைப்பது யார்?

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில், தலா 30 லட்சம் ரூபாய் அடிப்படை விலை கொண்ட பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் சென்னை அணி தலா 14.20 கோடிக்கு வாங்கியது. கையிருப்போ 43.40 கோடிதான். ‘இந்திய அணிக்கு ஆடாத பிள்ளைகளுக்கு இவ்வளவா?’ என்று நாட்றம்பள்ளித் தேநீர்க் கடைகளிலும் கேட்கிறார்கள்.

விலையைத் தீர்மானிப்பது திறமை மட்டுமன்று; கடைசிவரை போட்டியிடும் மற்றோர் அணியின் பையில் எஞ்சியிருக்கும் பணமும்தான். அமெரிக்கக் கால்பந்தில் 1936 முதல் முறையே வேறு. முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணியே புதிய வீரரை முதலில் தேர்ந்தெடுக்கும். நலிந்த அணி நிமிர அது வாய்ப்பு. ஆனால், தன்னைத் தேர்ந்தெடுத்த ஓர் அணியுடன் மட்டுமே பேரம் பேச முடிகிற இளைஞனுக்கு விலை ஏற வழியில்லை. 2025இல் கடைசி இடம் பெற்ற சென்னைக்கு இங்கே அத்தகைய சலுகை கிடையாது. பழைய வீரர்களை விடுவித்து மிச்சம் பிடித்த பணமே துணை.

பிள்ளைகளுக்குக் கிடைத்த தொகையில் எனக்கு வருத்தமில்லை. என் ஐயம் வேறு. பச்சைத் தோலின் குறை பதனிட்ட பின்னரே முழுதாகத் தெரியும் என்பதை நம் பகுதி வியாபாரிகள் அறிவார்கள். ஒரே சரக்கில் பணத்தை முடக்கமாட்டார்கள். சென்னையோ கையிருப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இவ்விருவர்மீது வைத்திருக்கிறது.